கைவேலையா, இயந்திர வேலையா? ஃப்ரீ மோஷன் குயில்டிங்கின் வரலாறு

குயில்ட் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சுப் படலம், அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை. வட இந்தியாவின் ரஜாய் இவ்வகையைச் சேர்ந்ததே. அடுக்குகள் நழுவாமலிருக்கப் போடும் தையலே அதற்கு அலங்காரமும் ஆகிறது. அந்தத் தையலை இயந்திரத்தில், துணியை நினைத்த திசையில் நகர்த்தி, கொடி, இறகு, சுருள் என வரைவதுபோலப் போடும் முறைக்கு ஃப்ரீ மோஷன் குயில்டிங் என்று பெயர். அமெரிக்காவில் வளர்ந்த இக்கலையை ஒரு கேள்வி நெடுங்காலம் துரத்தி வந்திருக்கிறது: இயந்திரத்தில் தைத்தது கைவேலை ஆகுமா?

இதற்கு விடை காண, இயந்திரம் இங்கே என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். சாதாரணத் தையலில் ஊசிக்குக் கீழே உள்ள பற்கள் துணியை இழுத்துச் செல்கின்றன. மேலிருந்து ஃபுட் அழுத்திப் பிடிக்கிறது. தையலின் நீளத்தை இயந்திரமே அளந்துகொள்கிறது. ஃப்ரீ மோஷனில் பற்களை இறக்கிவிடுவார்கள், அல்லது தகட்டால் மூடுவார்கள். துணியை இறுக்காத டார்னிங் ஃபுட்டை மாட்டுவார்கள். பிறகு ஊசியை மேலும் கீழும் ஓட்டுவது மட்டுமே இயந்திரத்தின் வேலை. கை வேகமாக நகர்ந்தால் தையல் நீளும், மெதுவானால் குறுகும், நின்றால் ஒரே இடத்தில் நூல் குவியும். நம் ஊர்த் தையல் வகுப்பில் வளையத்தில் துணியை இறுக்கி மெஷின் எம்பிராய்டரி போட்டவர்களுக்கு இது புதிதல்ல, தத்துவம் ஒன்றுதான்.

இலியாஸ் ஹோவ் 1846-இலும் ஐசக் சிங்கர் 1851-இலும் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றனர். 1856-இல் சிங்கர் நிறுவனம் தவணை முறையைக் கொண்டுவந்தது. வீட்டில் இயந்திரம் இருப்பதே பெருமையாக இருந்த அக்காலத்தில், குயில்டின் மேல் கண்ணில் படும்படி இயந்திரத் தையல் போட்ட பெண்கள் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், விவிலியக் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டி 1886-இல் காட்சிக்கு வைத்த குயில்டிலும் கைத்தையலோடு இயந்திரத் தையல் கலந்திருக்கிறது. இன்று அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, காலால் மிதிக்கும் இயந்திரத்தில் பூவேலை செய்யக் கற்றுத்தரும் கையேடுகளைச் சிங்கர் நிறுவனம் வெளியிட்டது. ஆகவே கருவியும் இருந்தது, உத்தியும் இருந்தது.

மதிப்புதான் இல்லாமல் போனது. முன்னோர் காலக் கைவேலையைப் போற்றும் மோகம் அமெரிக்காவில் பரவ, இயந்திரத் தையல் மட்டமானது என்ற எண்ணம் வேரூன்றியது. 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியையொட்டி சியர்ஸ் நிறுவனம் நடத்திய போட்டிக்குச் சுமார் 24,000 குயில்டுகள் வந்தன. முதல் பரிசான 1,000 டாலரைக் கென்டக்கி மாநிலத்தின் மார்கரெட் கேடன் பெற்றார். அது நேர்த்தியான கைத்தையல்தான். ஆனால் அதில் ஒரு தையல்கூட அவர் போடவில்லை, கூலிக்கு அமர்த்திய பெண்கள் தைத்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே வெளியில் தெரிந்தது. பரிசில் அந்தப் பெண்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. 'கைவேலை' என்று புகழும்போது யாருடைய கை என்று கேட்பதும் வரலாற்று மாணவரின் கடமை.

1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் குயில்டுகளை ஓவியங்களைப்போலச் சுவரில் மாட்டிக் காட்டியபின் ஆர்வம் மீண்டும் பெருகியது. அதே கென்டக்கியின் படூக்கா நகரில் 1985 முதல் அமெரிக்கக் குயில்டர்கள் சங்கத்தின் போட்டி நடந்துவருகிறது. 1989-இல் அதன் தலைசிறந்த பரிசு கேரில் பிரையர் ஃபாலர்ட்டின் 'கொரோனா 2: சூரிய கிரகணம்' என்ற படைப்புக்குக் கிடைத்தது. இயந்திரத்தில் குயில்ட் செய்த படைப்பு ஒன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதல்முறை. உடனே பெரும் சர்ச்சை மூண்டது. எதிர்த்தவர்களைக் குறுகிய மனத்தவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு போர்வைக்கு நூற்றுக்கணக்கான மணிநேரம் ஊசி பிடித்தவர்கள் அவர்கள். அப்போதுதான் உயிர்பெற்ற கைத்தையல் மீண்டும் அழிந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் ஃபாலர்ட் துணிக்குத் தாமே சாயமேற்றி, வடிவமைத்து, தம் கையால் நகர்த்தித் தைத்தவர். பின்னாளில் அங்கே கைத்தையலுக்கும் இயந்திரத் தையலுக்கும் தனித்தனிப் பரிசுகள் அமைந்தன.

ஹாரியட் ஹார்கிரேவ், டயான் கடின்ஸ்கி போன்றோர் வீட்டு இயந்திரத்திலேயே பழைய கைத்தையலின் நுட்பத்தை எட்டலாம் என்று நூல்கள் எழுதியும் வகுப்பு நடத்தியும் காட்டினர். கற்பவர் முதலில் பழகுவது பெரும்பாலும் 'ஸ்டிப்ளிங்' என்னும் வளைந்து நெளியும் ஒற்றைக் கோடு. சிக்குக் கோலத்தில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும். இதில் வெட்டக் கூடாது. முதலில் காகிதத்தில் பென்சிலை எடுக்காமல் வரைந்து பழகுவது நல்லது. பிறகு ஓரடிச் சதுரத்தில் மூன்றடுக்குத் துண்டுகள் தயாரித்துத் தைக்கலாம். அழுத்தாத ஃபுட்தானே என்று அதன் நெம்புகோலை இறக்காமல் விட்டால் அடியில் நூல் சிக்கிக்கொள்ளும். காலின் வேகமும் கையின் வேகமும் இசைவதற்குச் சில வாரங்களாவது தினமும் உட்கார வேண்டும்.

இப்போது கணினி சொல்லும் வடிவத்தைத் தானே தைத்து முடிக்கும் பெரிய இயந்திரங்களும் வந்துவிட்டன. அவற்றிலிருந்து பிரித்துக் காட்ட, ஃப்ரீ மோஷன் முறையில் தைப்பவர்கள் தங்கள் வேலையைக் 'கையால் செலுத்தியது' என்றே குறிப்பிடுகிறார்கள்.