நடுக்கடலில் பட்டறை ஏது?

ஜெயமங்கலத்துக்காரர்களுக்குக் கடல் வெகு தூரம். வைகை அணையில் நிற்பதுதான் நமக்குப் பெரிய தண்ணீர். ஆனாலும் மாட்டுவண்டிக் காலம் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். வழியில் ஒரு வண்டிக்கு அச்சு முறிந்தால், பின்னால் வரும் வண்டிக்காரர் இறங்கித் தோள் கொடுப்பார். பக்கத்து ஊரில் ஓர் ஆசாரியும் இருப்பார். நடுக்கடலில் பாய்மரம் முறிந்தால் யாரைக் கூப்பிடுவது?

தனி ஆளாக, எங்கும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்றும் 'கோல்டன் குளோப்' போட்டி 1968இல் தொடங்கியது. கிளம்பியவர்கள் 9 பேர். முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர் ஒருவர்தான். அவருடைய 'சுஹைலி' 32 அடி நீளம். பம்பாயில் நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கில் கட்டியது. அட்லாண்டிக் கடலில் பலகை இடுக்கு வழியே தண்ணீர் கசிந்தது. அவரே கடலுக்குள் குதித்து, மூச்சடக்கி, இடுக்கில் பஞ்சை அடைத்து, மேலே செப்புத் தகடு வைத்து ஆணி அடித்தார். 312 நாளில் கரை சேர்ந்தார். கிடைத்த 5,000 பவுண்டு பரிசை, போட்டியில் உயிரிழந்த டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்பவரின் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார்.

அந்தப் போட்டியின் 50ஆம் ஆண்டில், 2018இல், பழைய முறையிலேயே மீண்டும் நடத்தினார்கள். நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி கலந்துகொண்டார். சுஹைலியைப் போலவே கோவாவில் கட்டிய 'துரீயா' அவருடைய படகு. செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் பெரும்புயல். படகு புரண்டு பாய்மரம் முறிந்தது. அவருக்கு முதுகெலும்பிலும் பலத்த அடி. எழுந்து நடக்க முடியாமல் படுத்துவிட்டார்.

அதே புயலில் அயர்லாந்துக்காரர் கிரெகர் மக்கக்கினின் படகும் புரண்டு பாய்மரத்தை இழந்தது. அவருக்கு உடம்பில் பெரிய காயம் இல்லை. கையில் கிடைத்ததை வைத்து ஒரு தற்காலிக மரம் நட்டு, பாய் கட்டினார். கட்டி முடித்ததும் கரையைப் பார்த்துப் போகவில்லை. அபிலாஷ் கிடக்கும் திசைக்குப் படகைத் திருப்பினார். நாள்தோறும் போட்டியாளர், அன்றைக்கு அவர்தான் பக்கத்து வண்டிக்காரர்.

அவர் போய்ச் சேருவதற்குள், செப்டம்பர் 24 அன்று, பிரான்ஸ் நாட்டின் 'ஒசிரிஸ்' என்ற மீன்வளக் காவல் கப்பல் அபிலாஷை மீட்டது. பிறகு மக்கக்கினையும் ஏற்றிக்கொண்டது. இருவரையும் ஆம்ஸ்டர்டாம் தீவில் இறக்கினார்கள். பின்னர் நம் 'சத்புரா' போர்க்கப்பல் அபிலாஷை அழைத்து வந்தது.

முதுகில் டைட்டானியம் கம்பி வைத்துத் தைத்தார்கள். இத்தோடு கடல் வேண்டாம் என்று விடுவார் என்று பார்த்தால், 2022இல் அதே போட்டிக்கு மறுபடி கிளம்பினார்! ஆள் தூங்கும்போதும் காற்றின் போக்கைப் பார்த்துச் சுக்கானைத் திருப்பும் கருவி ஒன்று உண்டு. அது வழியில் உடைந்தது. கழிவறைக் கதவை அறுத்து, அந்தப் பலகையால் அதைச் சரிசெய்தார். 236 நாள் ஓடி, 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாவதாக வந்தார்.

முதலாவதாக வந்தவர் தென்னாப்பிரிக்கப் பெண்மணி கர்ஸ்டன் நாய்ஷேஃபர். அந்த ஓட்டத்தின் நடுவே பின்லாந்துக்காரர் டாப்பியோ லேட்டினனின் படகு இந்தியப் பெருங்கடலில் மூழ்கியது. கர்ஸ்டன் இரவெல்லாம் படகு ஓட்டிப் போய் அவரை மீட்டு, ஒரு சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டுத்தான் தன் வழியைப் பார்த்தார்.

ஒழுகினால் தானே அடைக்க வேண்டும், முறிந்தால் தானே நட வேண்டும் என்பது அந்தப் போட்டியின் விதி. பக்கத்தில் ஒருவன் தவித்தால் திரும்ப வேண்டும் என்பது அதற்கும் முந்தைய கடல் வழக்கம். பேரப்பிள்ளைகள் போட்டி, முதலிடம் என்று பேசும்போது கர்ஸ்டனையும் மக்கக்கினையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.