வாடிவாசலும் அரசிதழும்

தமிழ்நாட்டில் வாடிவாசல்கள் மிகுதியாக உள்ள மாவட்டம் எது என்று வினவினால், தொலைக்காட்சியில் ஜல்லிக்கட்டைக் கண்டு பழகியவர்கள் சற்றும் தயங்காமல் மதுரை என்று விடையிறுப்பார்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்னும் மூன்று ஊர்களின் கீர்த்தி அத்தகையது. ஆனால் ஊர்களின் எண்ணிக்கையைக் கொண்டு நோக்குவோமாயின் அப்பெருமை புதுக்கோட்டைக்கே உரியது என்பதை மாடு வளர்ப்போர் யாவரும் அறிவர். தச்சங்குறிச்சியில் தொடங்கி, ராப்பூசல், விராலிமலை, வன்னியன்விடுதி, வடமலாப்பூர், திருவப்பூர் என்று ஊர்விட்டு ஊர் நகர்ந்து, கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் மே மாதம் வரையில் இம்மாவட்டத்தில் காளைகள் அவிழ்த்துவிடப்படுகின்றன. உலகம் காணும் மதுரை வைபவமோ பொங்கலையொட்டிய மூன்று நாள்களில் முடிந்துவிடுகிறது. எண்ணிக்கை ஓரிடத்திலும் புகழ் வேறிடத்திலுமாகப் பிரிந்து நிற்பதற்கும், இரண்டையும் ஆளும் அதிகாரம் இப்போது மூன்றாவதோர் இடத்தில் அமர்ந்திருப்பதற்கும் காரணம் காண வேண்டுமானால், சற்றே பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1,179 சதுர மைல் பரப்புள்ள சிறு தேசம். கண்மாய்களையும் பொட்டல்களையும் கோயில்களையும் நம்பி வாழ்ந்த தேசம். அதன் கிராமங்கள் பல, நாடு என்று வழங்கிய கூட்டங்களாகப் பிணைக்கப்பட்டிருந்தன. நாட்டுக்கு அம்பலகாரர் உண்டு, கூட்டம் கூடும் இடம் உண்டு, பொதுவான தெய்வம் உண்டு. மாடு அவிழ்ப்பது அந்தத் தெய்வத்தின் திருவிழாவின் ஓர் அங்கமேயன்றித் தனியானதொரு பந்தயமன்று. கோயில் காளை முதலில் வரும். அதன்மேல் எவரும் கை வைக்கமாட்டார். அதன்பின் ஊர்க்காரர் மாடுகள். அதற்குப் பின்னரே அழைப்புப் பெற்று வந்த அயலூர் மாடுகள். எந்த ஊருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு அனுப்புவது, யார் மாட்டை எந்த வரிசையில் விடுவது என்பவை யாவும் அவ்வூர்ப் பெரியவர்களின் தீர்ப்புக்கு உட்பட்டவை. அந்தத் தீர்ப்பில் அநீதியும் இருந்தது. வரிசையின் பெயரால் சாதிப் பெருமையும் பாராட்டப்பட்டது. அதை மறைத்துப் பழமைக்குப் பூச்சூட்டுவது நமக்கு உடன்பாடன்று. எனினும் அவ்வழக்கு ஊருக்குள்ளேயே பிறந்து ஊருக்குள்ளேயே தீர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

இன்னொன்றையும் குறிக்க வேண்டும். விலங்குகளைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டமொன்று பிரிட்டிஷ் இந்தியாவில் 1890ஆம் ஆண்டிலேயே பிறந்துவிட்டது. ஆயினும் சமஸ்தானங்கள் பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியல்லவாதலின், அது புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னரின் எல்லைக்குள் தானாகச் செல்லுபடியாகவில்லை. 1948ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் ஒரு பகுதியாயிற்று. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் வேளையிலேயே தனி மாவட்டமாக மீண்டும் தலையெடுத்தது. மன்னர் வாழ்ந்த அரண்மனை கலெக்டர் அலுவலகமாயிற்று. இன்று ஜல்லிக்கட்டு நடத்த அனுமதி கோரும் கிராமத்தார் மனுவுடன் ஏறி இறங்குவது அந்த மாளிகையின் படிகளில்தான்.

சுதந்திர இந்தியாவின் மிருகவதைத் தடைச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. அதற்கு வித்திட்டவர், மதுரையில் பிறந்து கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே அரசாங்கத்தை அச்சட்டத்தின் பக்கம் திருப்பியது. ஜல்லிக்கட்டின் தாயகம் என்று போற்றப்படும் ஊரில் பிறந்த ஒருவர் நட்ட விதையே, அரை நூற்றாண்டுக்குப் பின் அதனைத் தடுக்கும் ஆயுதமாகியது விதியின் விசித்திரம்தான். ஆனால் சட்டம் பிறந்தபின் நாற்பத்தைந்து ஆண்டுகள் வரை வாடிவாசலின் பக்கம் அது எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எட்டிப் பார்த்ததும் ஒரு தற்செயலே. ரேக்ளா வண்டிப் பந்தயம் நடத்த அனுமதி வேண்டி ஒருவர் ஐகோர்ட்டின் மதுரைக் கிளையை அணுகினார். 2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நீதிபதி ஆர். பானுமதி அந்த வேண்டுகோளை மறுத்ததோடு நில்லாமல், ஜல்லிக்கட்டு உட்பட மாடுகளைக் கொண்டு நிகழும் கேளிக்கைகள் யாவற்றையும் தடை செய்தார். வண்டிக்கு அனுமதி கேட்கப் போய் வாடிவாசலையும் சேர்த்து மூடிக்கொண்டு வந்த கதை இது. 2007இல் டிவிஷன் பெஞ்சு அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கு டெல்லிக்குச் சென்றது. 2008 ஜனவரி 11இல் அனுமதி மறுத்த சுப்ரீம் கோர்ட்டு, பொங்கல் நாளான 15ஆம் தேதி நிபந்தனைகளோடு இசைந்தது. அந்த நான்கு நாள்களும் மாட்டுக்காரர்கள் எப்படிப் பொழுதைக் கழித்திருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்: கொம்பு சீவி, நீச்சல் பழக்கி, மண்குத்தப் பழக்கி ஆண்டு முழுதும் வளர்த்த காளையைத் தொழுவத்தில் கட்டி வைத்துக்கொண்டு, வானொலிச் செய்திக்குக் காத்திருப்பதன்றி வேறென் செய்வது?

2009இல் தமிழ்நாடு அரசு ஜல்லிக்கட்டை ஒழுங்குபடுத்தும் சட்டமொன்றை இயற்றியது. 2011 ஜூலையில் மத்திய அரசு, காட்சிக்குப் பழக்கலாகாத விலங்குகளின் பட்டியலில் சிங்கம், புலி, கரடி முதலியவற்றோடு காளையையும் சேர்த்தது. ஏருழும் பிராணி வனவிலங்குகளின் வரிசையில் போய் அமர்ந்த அந்த விந்தையைக் கிராமத்தார் இன்றும் நகைத்துப் பேசுவர். ஆனால் விளைவு நகைக்கத்தக்கதாக இல்லை. 2014 மே 7ஆம் நாள் நீதிபதிகள் கே. எஸ். ராதாகிருஷ்ணனும் பினாகி சந்திர கோஷும் வழங்கிய தீர்ப்பு, 2009ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாதென அறிவித்தது. மிருகவதைத் தடுப்பு, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் செய்யத்தக்க பொதுப் பட்டியலைச் சேர்ந்த பொருள். இரண்டு சட்டங்களும் முரண்பட்டால் மத்தியச் சட்டமே நிற்கும், மாநிலச் சட்டத்துக்கு ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்திருந்தாலன்றி. 2009ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அவ்வொப்புதல் இல்லை. வீரம், பண்பாடு, ஜீவகாருண்யம் என்று பெரும் பிரசங்கங்கள் நிகழ்ந்த அவ்வழக்கின் ஆணிவேர்களுள் ஒன்று இவ்வளவு சிறியதொரு சம்பிரதாயக் குறைபாடு என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஊர்ப்பற்றினால் வளர்ந்த விளையாட்டொன்று நியாயஸ்தலத்துக்குச் சென்று உருமாறித் திரும்புவது நமக்கே உரிய அனுபவமன்று. அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து என்பது அந்தந்த மாநிலத்தின் அபிமானத்தில் வேரூன்றியது. அண்டைப் பல்கலைக்கழகங்கள் கூட்டணிகளாக இணைந்து, தலைமுறை தலைமுறையாக ஒன்றோடொன்று மோதி வந்தன. அவ்வாட்டங்களை ஒளிபரப்பும் உரிமையைத் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமே தன் கையில் வைத்திருக்கலாகாது என்று ஒக்லஹாமா பல்கலைக்கழகம் தொடுத்த வழக்கில், 1984இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாறுபட்ட இரு நீதிபதிகளுள் ஒருவரான பைரன் ஒயிட், இளமையில் புகழ்பெற்ற கல்லூரிக் கால்பந்து வீரர்; ஆடியவர் கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து பிறர் கண்ணுக்குத் தெரியவில்லை போலும். அதன்பின் ஒளிபரப்புப் பணம் எங்கு மிகுதியோ அங்கே பல்கலைக்கழகங்கள் கூட்டணி மாறலாயின. 1915இல் பிறந்த பசிபிக் கடற்கரைக் கூட்டணியில் 2023ஆம் ஆண்டு முடிவதற்குள் பத்துப் பல்கலைக்கழகங்கள் விலக முடிவு செய்ய, எஞ்சிய இரண்டும் கூட்டணியின் சொத்தும் நிர்வாகமும் தமக்கே என்று வழக்காடி வென்றன. பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்போர்டு, அட்லாண்டிக் கரையின் பெயர் தாங்கிய கூட்டணியில் சேர்ந்துகொண்டது. பூகோளம் தோற்றது, ஒளிபரப்பு வென்றது.

நம் நாட்டிலும் 1995இல், வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில், வான் அலைகள் பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டு விதித்தது. அத்தீர்ப்புக்குப் பின் பெருகிய தனியார் தொலைக்காட்சிகளே அலங்காநல்லூரைத் தமிழர் வாழும் திசையெங்கும் கொண்டு சேர்த்தன. மதுரையின் மூன்று ஊர்களும் அடுத்தடுத்த நாள்களில், பொங்கல் விடுமுறையில், ஒரு நகரத்தின் அருகே அமைந்தவை. ஒளிபரப்புக்கு இதனினும் வசதியான ஏற்பாடு வேண்டுமா? மாசித் திருவிழாவையொட்டித் திருவப்பூருக்காகக் கவிநாட்டுக் கண்மாயில் காளை அவிழும்போது விடுமுறையும் இல்லை, வேறு செய்தியும் நிறைய உண்டு. படம் பிடிக்கப்படும் ஊருக்கே கார் பரிசாக வருகிறது. கார் பரிசு வரும் ஊருக்கே நல்ல காளைகள் செல்கின்றன. புதுக்கோட்டைச் சீமையில் வளர்ந்த காளைகள் அலங்காநல்லூரில் முதற்பரிசு பெற்ற ஆண்டுகள் உண்டு. ஊர்ப்பெயர் ஒலிபெருக்கியில் ஒருமுறை ஒலிக்கும், அவ்வளவே.

2014ஆம் ஆண்டுத் தீர்ப்பினால் தடை நீடித்த மூன்று பொங்கல்களின் முடிவில், 2017 ஜனவரி 17 முதல் மெரினாவில் இளைஞர் திரண்டதும், 21ஆம் நாள் அவசரச் சட்டம் பிறந்ததும், 23ஆம் நாள் சட்டசபை அதைச் சட்டமாக்கியதும், மாத இறுதியில் ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்ததும் யாவரும் அறிந்த செய்திகள். முன்பு இல்லாதிருந்த அந்த ஒப்புதல் இம்முறை தவறாமல் பெறப்பட்டது. ஆனால் இடையில் ராப்பூசலில் நிகழ்ந்ததைப் பலர் மறந்துவிட்டனர். 22ஆம் நாள் அலங்காநல்லூரில் முதலமைச்சர் தொடங்கி வைப்பதாக இருந்த ஜல்லிக்கட்டை, நிரந்தரச் சட்டம் வேண்டுமென்று ஊரார் நடத்தவிடவில்லை. நாட்டின் காமிராக்கள் அங்கே காத்துக் கிடந்தன. அதே நாளில் ராப்பூசலில் வாடிவாசல் திறந்தது. மாடு முட்டி இருவர் மாண்டனர். மீட்கப்பட்ட ஜல்லிக்கட்டின் முதல் உயிர்ப்பலி புதுக்கோட்டை மண்ணில் விழுந்தது. அலங்காநல்லூரில் பிப்ரவரி 10ஆம் நாளே காளைகள் களம் கண்டன.

புதிய சட்டமும் அதன் விதிகளும் ஆட்டத்தின் இலக்கணத்தையே எழுத்தில் வகுத்தன. கலெக்டரிடம் முன்கூட்டியே மனு. இரட்டைத் தடுப்பு வேலி. காளைக்கும் வீரருக்கும் வைத்தியப் பரிசோதனை. திமிலைப் பற்றி 15 மீட்டர் தூரமோ மூன்று துள்ளலோ தாக்குப்பிடித்தால் மாடு பிடிபட்டதாகக் கணக்கு. வாலைப் பிடிப்பதும் கொம்பைப் பற்றுவதும் குற்றம். இவற்றில் பெரும்பாலானவை உயிரைக் காப்பவை. குறை சொல்ல இடமில்லை. நாம் கருதும் பெரிய மாறுதல் வேறு: எந்த ஊரில் ஜல்லிக்கட்டு நடக்கலாம் என்பதை அரசிதழில் வெளியாகும் அறிவிப்பு நிர்ணயிக்கிறது. நாடும் அம்பலமும் வெற்றிலை பாக்கும் நிர்ணயித்ததை இப்போது அச்சிட்டதொரு பட்டியல் நிர்ணயிக்கிறது. பெயர் விடுபட்ட ஊரார் மதுரைக் கிளைக்கு விரைகின்றனர். ஒரே ஊரில் இரு பிரிவினர் இரு குழுக்களாகி, நடத்தும் உரிமை எங்களுக்கே என்று ரிட் மனுப் போடுகின்றனர். 2022இல் மதுரை மாவட்டத்தில், ஒரு காளை மூன்று ஊர்களில் ஏதேனும் ஒன்றில் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்றும், பதிவு இணையவழியிலேயே என்றும் விதித்தனர். அழைப்பு என்பது போய் டோக்கன் என்பது வந்துவிட்டது. சாதி பார்த்து வரிசை வைத்த பெரியவரின் தயவு தேவையில்லை என்பது இதன் நன்மை. விருந்தாளியாக வந்த மாடு விண்ணப்பதாரராகிவிட்டது என்பது இதன் நஷ்டம். இரண்டையும் தராசில் இட்டால், நன்மையின் தட்டே சற்றுத் தாழும் என்பது நம் அபிப்பிராயம்.

பட்டியலும் காமிராவும் சேர்ந்து விளைவித்த ஆசைக்கு 2019 ஜனவரி 20ஆம் நாள் விராலிமலையில் நிகழ்ந்தது சான்று. மயில்கள் உலவும் முருகன் மலையின் அடிவாரத்தில், உலக சாதனை என்னும் குறிக்கோளுடன், ஒரே நாளில் 1,354 காளைகள் அவிழ்த்துவிடப்பட்டன. முதலமைச்சரே வந்து தொடங்கி வைத்தார். அன்று ஒருநாள் புகழ் மதுரையிலிருந்து வடகிழக்கே நகர்ந்தது மெய். ஆனால் இருவர் மாடு முட்டி இறந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட காளைகளை ஒரு பகலுக்குள் விட்டு முடிக்க வேண்டுமானால், ஒரு காளை வாடியை விட்டு வெளிவந்து, நின்று, மண்ணைக் கிளறி, சுற்றியுள்ளோரை மிரட்டி விளையாடுவதற்கு அவகாசம் எங்கே? நின்று விளையாடும் மாட்டையே மாட்டுக்காரர் மாடு என்று மதிப்பர். சாதனைக் கணக்கிலோ ஓடிக் கடந்ததும் ஒன்று, நின்று விளையாடியதும் ஒன்று.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்டு, 2018இல் ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்ட வழக்கில் 2023 மே 18ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நீதிபதி கே. எம். ஜோசப் தலைமையிலான அவ்வமர்வு, கர்நாடகத்தின் கம்பளா, மகாராஷ்டிரத்தின் மாட்டுவண்டிப் பந்தயம் ஆகியவற்றோடு ஜல்லிக்கட்டுச் சட்டத்தையும் செல்லுமென ஏற்றது. ஜல்லிக்கட்டு தமிழர் பண்பாட்டின் கூறு என்று சட்டசபை முடிவு செய்திருக்கையில், அம்முடிவில் நீதிமன்றம் தலையிடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். மறு ஆண்டே அலங்காநல்லூருக்கு அருகில் கீழக்கரையில், 60 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், பார்வையாளர் மாடங்களோடு அரங்கமொன்று திறக்கப்பட்டது.

புதுக்கோட்டையில் அத்தகைய அரங்கம் இல்லை. கந்தர்வகோட்டை வட்டத்துத் தச்சங்குறிச்சியில், மாதா கோயிலின் புத்தாண்டு விழாவையொட்டி, ஜனவரி முதல் வாரத்திலேயே தமிழ்நாட்டின் முதல் ஜல்லிக்கட்டு நடைபெறுகிறது. இந்துக்களின் காளையும் கிறிஸ்தவர்களின் காளையும் ஒரே வாடியில் வருகின்றன. ஆண்டின் முதலாவது என்ற ஒரே காரணத்தால் தொலைக்காட்சி வண்டிகள் அங்கே வந்து நிற்கின்றன. அன்று மாலையே அவை மதுரை நோக்கித் திரும்பிவிடுகின்றன; இம்மாவட்டத்தின் மற்ற வாடிவாசல்கள் மே மாதம் வரை, அரசிதழில் பெயர் வந்தபின், ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கின்றன.