பழைய நிரல்களும் நிர்வாகி அனுமதியும்

பழைய கணினியில் ஒரு மென்பொருள் திறக்க மறுத்து நிர்வாகி அனுமதி கேட்டால், கோபம் முதலில் விண்டோஸ் மீதுதான் பாய்கிறது. ஆனால் தடையின் வேர் பெரும்பாலும் அந்த மென்பொருள் எழுதப்பட்ட காலத்தின் பழக்கத்தில் இருக்கிறது. எந்த நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையானதற்கு மேல் உரிமை தரக்கூடாது என்ற கொள்கையைக் கணினி அறிஞர்கள் சால்ட்ஸரும் ஷ்ரோடரும் 1975-லேயே வகுத்துவிட்டார்கள். 1993-இல் வந்த விண்டோஸ் என்டி-யில் பயனர் கணக்குகளும் கோப்பு அனுமதிகளும் இருந்தன. வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தவையோ விண்டோஸ் 95, 98 பதிப்புகள். அவற்றில் யார் உட்கார்ந்தாலும் எந்தக் கோப்பிலும் எழுதலாம். எனவே நிரலாளர்கள் பயனரின் அமைப்புகளைக்கூட, நிரல்கள் நிறுவப்படும் ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ கோப்புறைக்குள்ளேயே எழுதப் பழகினார்கள்.

2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி மூலம் என்டி-யின் அடித்தளம் வீட்டுக்கு வந்தபோதே இந்தப் பழக்கத்தை மாற்றியிருக்கலாம். ஆனால் பழைய நிரல்கள் நின்றுவிடக் கூடாது என்பதால், நிறுவும்போது உருவாகும் கணக்குகளுக்கெல்லாம் நிர்வாகி உரிமை கிடைத்தது. பயனர் தெரியாமல் திறந்த தீநிரலுக்கும் அதே உரிமை கிடைத்தது. 2007-இல் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, நிர்வாகியின் நிரல்களையே சாதாரண உரிமையோடு ஓடவிட்டு, தேவைப்படும்போது ஒப்புதல் கேட்டது. பழைய நிரல் ‘புரோகிராம் ஃபைல்ஸில்’ எழுத முயன்றால், அந்தக் கோப்பைப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குத் திருப்பிவிட்டது. ஒருவர் சேமித்த விவரம் அதே கணினியில் இன்னொருவர் கணக்கில் தெரியாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

ஓயாமல் ஒப்புதல் கேட்டால் மக்கள் படிக்காமலே ‘சரி’ என்று அழுத்துவார்கள், பிறகு காவல் எதற்கு என்ற வாதம் நியாயமானதே. 2009-இல் வந்த விண்டோஸ் 7 கேள்விகளைக் குறைத்ததே அதற்குச் சான்று. ஆனால் அந்தக் கேள்விகள் பயனருக்கு மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. அந்த எரிச்சல் நிரலாளர்களைத் திருத்தவே என்று மைக்ரோசாஃப்டின் டேவிட் கிராஸ் 2008-இல் வெளிப்படையாகவே சொன்னார். அதற்குப் பலனும் இருந்தது: புதிய நிரல்கள் தம் தரவைப் பயனரின் கோப்புறையில் வைக்கத் தொடங்கின.

அப்படியானால் திருந்தாத பழைய நிரலை நம்பி வேலை செய்பவர் என்ன செய்வது? எல்லோரையும் நிர்வாகியாக்குவது எளிது; ஆனால் அது எக்ஸ்பி காலத்தின் தவறையே மறுபடி செய்வதாகும். நிரல் எந்தக் கோப்புறையில் எழுத முயல்கிறது என்று கண்டறிந்து, கணினிப் பொறுப்பாளர் அந்தக் கோப்புறைக்கு மட்டும் எழுதும் அனுமதி தரலாம். அதற்குச் சற்று உழைப்பு வேண்டும். ஒரு நிரலின் குறைக்காக முழுக் கணினியையும் திறந்துவிடாமல் இருக்க, அந்த உழைப்பு தகும்.