குடித்தனம் காலியானாலும் சாவி கைமாறவில்லை



போன வாரம் இரவு பதினொரு மணிக்குப் பேத்தி லேப்டாப்போடு வந்து நின்றாள். மறுநாள் கல்லூரியில் புராஜெக்ட் காட்ட வேண்டும். "சர்வரை நிறுத்திட்டேன் தாத்தா, ஆனா 8080 போர்ட்டை விடமாட்டேங்குது" என்றாள். கண் கலங்கியிருந்தது. திரையில் 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி.

இது அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய கதை. 1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் தொகுத்த ஆர்எஃப்சி 793 என்ற டிசிபி விதிநூல் வந்தது. இணைப்பை முதலில் மூடுகிறவர் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும் என்றது அது. 'டைம்-வெயிட்' என்று பெயர். வீடு காலி செய்து போனவர் பெயருக்கு அப்புறமும் கடிதம் வருமல்லவா? அதுபோல, தாமதமாக அலையும் பழைய பாக்கெட் புது இணைப்புக்குள் நுழைந்துவிடக் கூடாதே என்றுதான். ஒரு பாக்கெட்டின் ஆயுளை 2 நிமிடம் என்று வைத்து, அதன் இருமடங்கு, 4 நிமிடம் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த 2 நிமிடம் பொறியாளர்களின் தேர்வுதான், அனுபவத்தில் மாற்றலாம் என்று நூலே ஒத்துக்கொள்கிறது. லினக்ஸில் 60 வினாடிதான். (பொதுமக்களுக்கு இங்கே வி.எஸ்.என்.எல். இணையம் கொடுத்தது 1995 ஆகஸ்ட் 15இல். விதி எழுதி 14 வருடம் கழித்து!)

முதலில் எனக்கும் இதன் மேல்தான் சந்தேகம். பத்து நிமிடம் காத்திருந்தோம். போர்ட் விடவில்லை.

பிறகுதான் உறைத்தது. யூனிக்ஸில் ஒரு நிரல் 'ஃபோர்க்' செய்தால், தாய் திறந்து வைத்திருக்கும் கோப்புகள் எல்லாம் சேய்க்கும் வந்துவிடும். சாக்கெட்டும் அதில் அடக்கம். தாய் நிரல் போய்விட்டாலும் சேய் கையில் சாவி இருக்கும். பைத்தான் 3.4 (2014) முதல் இதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தினார்கள். ஆனால் அது வேறொரு நிரலை 'எக்ஸெக்' செய்யும்போதுதான் உதவும், வெறும் ஃபோர்க்குக்குப் பொருந்தாது. பேத்தி செய்ததோ வெறும் ஃபோர்க்.

பர்டூ பல்கலைக்கழகத்தின் விக் ஏபெல் எழுதிய 'எல்எஸ்ஓஎஃப்' கருவியை ஓட்டினோம். படத்தைச் சுருக்கும் ஒரு சேய் நிரல், அனாதையாக, 8080ஐப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எடுத்தவுடன் 'கில் -9' போடாதே, அது கடைசி ஆயுதம் என்று சொல்லி, சாதாரண 'கில்' போடச் சொன்னேன். உடனே விட்டுவிட்டது.

படுக்கும்போது மணி பன்னிரண்டரை. லேப்டாப்பை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் என்னிடமே வந்தாளாம், அதைக் காலையில்தான் சொன்னாள்.