விரைவும் நிறுத்தமும்

மோட்டார்ப் பந்தயம் என்றதும் பலருடைய உள்ளத்தில் எழுவன எஞ்சினின் முழக்கமும் கண்ணைப் பறிக்கும் வேகமுமே. மிக விரைந்து ஓடும் கார் எதுவோ அதுவே வெல்லும் என்று எண்ணுதல் இயல்பு. ஆயினும் பந்தயப் பாதை நேர்கோடன்று. வளைவு வரும் இடமெல்லாம் சாரதி வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டும். வளைவின் வாயில்வரை முழு வேகத்தோடு சென்று, பிறேக்கை மிதித்ததும் தவறாது தணியும் காரே ஏனையவற்றை முந்தும். ஆகவே, ஒரு கார் எவ்வளவு விரைவாக ஓடலாம் என்பதை, அது எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதே தீர்மானிக்கின்றது. இங்கிலாந்தின் கொவென்றி நகரத்துத் தொழிற்சாலையொன்று இவ்வுண்மையைச் சில ஆண்டுகளில், தோல்வியும் வெற்றியும் மாறிமாறி வரக் கற்றுக்கொண்டது. அந்த வரலாறு அறியத்தக்கதாகும்.

அத்தொழிற்சாலையை வளர்த்தவர் வில்லியம் லயன்ஸ். அவர் 1922ஆம் ஆண்டிலே, பிளாக்பூல் என்னும் கடற்கரை நகரில், வில்லியம் வாம்ஸ்லி என்பவரோடு கூட்டுச் சேர்ந்து மோட்டார்ச் சைக்கிள்களின் பக்கத்தே பூட்டும் இருக்கை வண்டிகளைச் செய்யத் தொடங்கினார். 1928இல் தொழில் கொவென்றிக்கு மாறியது. 1945இல் ஜகுவார் என்னும் பெயரைப் பெற்றது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், குண்டு வீச்சினால் தீப்பற்றாமற் காப்பதற்காகத் தொழிற்சாலையில் இரவுக் காவல் புரிய வேண்டியிருந்தது. அக்காவல் இரவுகளில் லயன்ஸும், தலைமைப் பொறியியலாளர் வில்லியம் ஹெயின்ஸும், வோல்ற்றர் ஹசன், குளோட் பெய்லி ஆகியோரும் யுத்தத்தின் பின் செய்யவேண்டிய புதிய எஞ்சினைப் பற்றி உரையாடினர். அழிவு தலைக்கு மேல் நின்ற வேளையிலும் ஆக்கத்தைப் பற்றிச் சிந்தித்தனர் அவர்கள்.

அச்சிந்தனையின் பயன் 1948ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் வெளிப்பட்டது. ஆறு சிலிண்டர்களும் 3.4 லீற்றர் கொள்ளளவும் 160 குதிரைவலுவும் கொண்ட எஞ்சின். அதனைத் தாங்கிய தாழ்ந்த, நெடிய, வழவழப்பான உடல். அதற்கு எக்ஸ்.கே. 120 என்று பெயரிட்டனர். மணிக்கு 120 மைல் ஓடும் என்பதே அப்பெயரின் பொருள். முதலில் ஏறக்குறைய இருநூறு கார்களே செய்ய எண்ணியிருந்தனர். ஆதலின் மரச்சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு போர்த்தி உடலைச் செய்தனர். வேண்டுவோர் தொகை பெருகவே, 1950 முதல் உருக்குத் தகட்டில் அச்சழுத்திச் செய்யலாயினர். பெயரிற் கூறிய வேகத்தை ஐயுற்றோருக்கு, 1949 மே 30ஆந் திகதி பெல்ஜியத்தின் யாபெக்கே நெடுஞ்சாலையில் விடை கிடைத்தது. அன்று அக்கார் மணிக்கு 132.6 மைல் வேகத்தில் ஓடிற்று.

இக்கார் பந்தயத்துக்கென்றே பிறந்ததன்று. கடைக்குச் செல்வோரும் அலுவலகத்துக்குச் செல்வோரும் ஏறிச் செல்வதற்காக விற்கப்பட்டது. எனினும், அதே காரைப் பந்தயத்திலும் ஓட்ட முடியும் என்பதே அதன் கவர்ச்சி. இயன் அப்பிள்யார்ட் என்பவர் தம் மனைவி பற் வழிகாட்ட, என்.யூ.பி. 120 என்னும் இலக்கமுடைய காரை ஓட்டி, 1950, 1951, 1952 ஆகிய மூன்றாண்டுகளும் அல்ப்ஸ் மலைப் போட்டியில் ஒரு புள்ளியேனும் இழவாது முடித்தார். அதற்கென முதன்முதலாக வழங்கப்பட்ட பொற்கிண்ணம் அவருடையதாயிற்று. பற் அம்மையார், லயன்ஸின் மகளாவார். அந்தக் கார் இன்றும் இங்கிலாந்தில் பேணப்படுகின்றது.

தெருவுக்குரிய காரைப் பந்தயத்துக்கு ஆயத்தஞ் செய்தல் எளிய வேலையன்று. முன்புறக் கண்ணாடியை அகற்றிச் சிறிய காற்றுத் தடுப்பை வைத்தனர். பெரிய பெற்றோல் தாங்கியைப் பொருத்தினர். வில்களைக் கடினமாக்கினர். எரிவளியை அமுக்கும் விகிதத்தைக் கூட்டினர். யுத்தத்தின் பின் இங்கிலாந்தில் தரங்குறைந்த பெற்றோலே கிடைத்தமையால், தெருக்கார்களுக்கு ஏழுக்கு ஒன்று என்ற விகிதமும் போதுமாயிருந்தது. நல்ல பெற்றோல் கிடைத்த இடத்தில் எட்டுக்கு ஒன்று, பந்தயத்துக்கு அதனினும் மேல் என உயர்த்தினர். தொழிற்சாலையே பின்னர் 180 குதிரைவலுவுடைய ஒரு வகையையும் விற்றது.

ஆனால் ஒன்றைப் பெறுவதற்கு மற்றொன்றை இழக்க வேண்டும். கடினமான வில், வளைவிலே காரைச் சாயவிடாது பிடிக்கும். குண்டுங் குழியுமான தெருவிலோ ஏறியிருப்போரின் எலும்பை உலுக்கும். பந்தயத்துக்குரிய பிறேக் உறை சூடேறிய பின்னரே நன்றாகப் பற்றும். குளிர்ந்த காலை வேளையில், தெருவின் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவருமாயின், அது உதவாமற் போகலாம். தெருவுக்கும் பந்தயத்துக்கும் ஒரே காரை அமைப்பவன், இவ்விரு தேவைகளையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க வேண்டியவனாவான்.

எக்ஸ்.கே. 120இன் குறை எஞ்சினில் இல்லை, பிறேக்கிலேயே இருந்தது. அக்காலத்துக் கார்களில் சில்லோடு சுழலும் உருளைக் கூட்டினுள்ளே, வளைந்த இரண்டு கட்டைகள் விரிந்து உராய்ந்து வேகத்தைத் தணித்தன. இதனையே டிரம் பிறேக் என்பர். மீண்டும் மீண்டும் மிதித்தால் கூடு கொதிக்கும்; கொதித்த கூடு விரிந்து கட்டையை விட்டு விலகும்; கட்டையின் உறையும் பற்றும் தன்மையை இழக்கும். முற்காலப் பந்தயக் கார்களின் சில்லுகள் வெளியே நின்றமையால் காற்று அவற்றைக் குளிர்வித்தது. லயன்ஸ் வடித்த அழகிய உடலோ சில்லுகளை மூடிக்கொண்டது. வேகத்தைத் தந்த அதே வடிவம் பிறேக்கின் காற்றைப் பறித்தது. ஏறக்குறைய 26 அந்தர் நிறையுள்ள காரை நிறுத்த, மூச்சு முட்டிய அந்தப் பிறேக்குகளால் இயலவில்லை. கம்பி ஆரங்களையுடைய சில்லுகளைப் பொருத்திச் சிறிது காற்றோட்டம் தேடினர். நோய் தணிந்ததேயன்றித் தீரவில்லை.

1950ஆம் ஆண்டு பிரான்சின் லே மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் இக்குறை பட்டப்பகலில் வெளியாயிற்று. தெருக்கார்களினின்றும் அதிகம் மாறாத மூன்று எக்ஸ்.கே. 120 கார்கள் அதிலே கலந்துகொண்டன. லெஸ்லி ஜோன்சனும் பேர்ட் ஹாட்லியும் ஓட்டிய கார் முன்னணிக் கார்களோடு ஓடிக்கொண்டிருந்தது. பிறேக் தளரவே, சாரதிகள் கியரை மாற்றி எஞ்சினின் இழுவையைக் கொண்டே வேகத்தைக் குறைத்தனர். அச்சுமையைத் தாங்காது கிளச் முறிந்தது. பந்தயம் முடிவதற்குச் சில மணி நேரமே இருக்கையில் கார் நின்றுவிட்டது. ஓடத் தெரிந்த கார், நிற்கத் தெரியாமையால் தோற்றது. அதே ஆண்டு செப்டெம்பரில், வட அயர்லாந்தின் டன்ட்றொட் பாதையில், கொட்டும் மழையில், ஸ்டேர்லிங் மொஸ் என்னும் இளைஞர் எக்ஸ்.கே. 120ஐ ஓட்டி வென்றார். மறுநாளே அவருக்கு 21 வயது நிறைந்தது.

இவ்விரு அனுபவங்களின் பின், அதே எஞ்சினை வைத்துப் பந்தயத்துக்கெனத் தனியாக ஒரு காரை அமைத்தனர். குழாய்களால் இணைத்த இலேசான சட்டமும், விமானத் தொழிலில் பயின்ற மல்கம் செயர் வரைந்த உடலும் அதற்கு அமைந்தன. சி வகை என வழங்கிய அக்காரிலே பீற்றர் வாக்கரும் பீற்றர் வைற்ஹெட்டும் 1951இல் லே மானை வென்றனர். ஆயினும் பிறேக் பழைய வகையே.

தீர்வு ஆகாயத்திலிருந்து வந்தது எனலாம். டன்லொப் நிறுவனத்தார் விமானங்களுக்கு டிஸ்க் பிறேக் செய்து வந்தனர். சில்லோடு சுழலும் ஒரு வட்டத் தட்டை இரு பக்கமும் இறுகப் பிடித்து நிறுத்துவதே அதன் முறை. தட்டு காற்றிலே திறந்து நிற்பதால் விரைவிற் குளிரும். சூட்டினால் தடித்தாலும் பிடியை விட்டு விலகாது. இம்முறை முற்றிலும் புதியதன்று. பிரெடெரிக் லாஞ்செஸ்ற்றர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1902இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் விமானம் தரையிறங்கும்போது ஒரு முறை பிறேக் பிடித்தபின் ஆறியிருக்கும். பந்தயக் காரோ ஒவ்வொரு சுற்றிலும் பலமுறை பிடித்தாக வேண்டும். ஆதலின் குழாயிலுள்ள எண்ணெய் கொதித்தது. பிடிக்கும் கட்டைகள் விரைவில் தேய்ந்தன. சோதனைச் சாரதி நோர்மன் டியூவிஸ் மைல் மைலாக ஓட்டிப் பார்க்க, குறைகள் ஒவ்வொன்றாகக் களையப்பட்டன.

1952ஆம் ஆண்டு இரு பாடங்களைத் தந்தது. லே மானிலே ஜேர்மன் கார்களின் வேகத்துக்கு அஞ்சி, அவசரமாக உடலின் மூக்கையும் வாலையும் நீட்டினர். எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பையும் மாற்றினர். மூன்று கார்களும் கொதித்து நின்றன. வேகத்தை மட்டும் தேடியதன் விலை அது. அதே கோடையில் றீம்ஸ் நகரில், டிஸ்க் பிறேக் பூட்டிய சி வகைக் காரில் மொஸ் வென்றார். நிறுத்தத்தைத் தேடியதன் பயன் இது.

1953இல் பழைய உடலுக்கே மீண்டு, நான்கு சில்லுகளுக்கும் டிஸ்க் பிறேக் பூட்டி லே மானுக்கு வந்தனர். அங்கே மூன்றரை மைலுக்கு மேல் நீளும் நேர்ப்பாதையின் முடிவில் கூர்மையான ஒரு வளைவுண்டு. 4.5 லீற்றர் எஞ்சினுடைய பெராரி, வலிமையில் மிக்கதாயினும், அவ்வளைவுக்குத் தொலைவிலேயே வேகந் தணிக்க வேண்டியிருந்தது. ஜகுவார்ச் சாரதிகளோ அதனைக் கடந்து சென்ற பின்னரே பிறேக்கை மிதித்தனர். டொனி றோல்ற்றும் டங்கன் ஹமில்ரனும் முதலிடம் பெற்றனர். மற்ற இரு ஜகுவார்களும் இரண்டாம், நான்காம் இடங்களைப் பெற்றன. வென்ற காரின் சராசரி வேகம் மணிக்கு 105.85 மைல். அப்பந்தயத்தில் நூறு மைலைக் கடந்த முதற் சராசரி அதுவே.

எனினும், காரொன்று திருந்தினால் மட்டும் போதாது. 1955இல் அதே லே மானில், மைக் ஹோதோர்ன் தமது ஜகுவாரைத் திருத்துமிடத்தில் நிறுத்துவதற்காக வேகந் தணித்தார். பின்வந்த லான்ஸ் மக்ளின் மோதாமல் விலகினார். அவருக்குப் பின் வந்த பியர் லெவேயின் மெர்சிடிஸ், மக்ளினின் காரில் மோதி, மக்கள் நின்ற பக்கம் பாய்ந்தது. எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். விசாரணை எந்தச் சாரதியையும் குற்றவாளியாகக் காணவில்லை. காரின் வேகம் வளர்ந்த அளவுக்குப் பாதை வளராதிருந்தது.

பந்தயத்தில் தேறிய பிறேக் விரைவில் தெருவுக்கு வந்தது. 1955இல் பிரெஞ்சு நாட்டுச் சித்ரோன் டி.எஸ்., 1956இல் ரிறையம்ப் ரி.ஆர். 3 ஆகியன முன்சில்லுகளில் அதனைக் கொண்டன. 1957இல் வெளிவந்த ஜகுவார் எக்ஸ்.கே. 150 நான்கு சில்லுகளிலும் அதனைப் பெற்றது. இன்று பழைய எக்ஸ்.கே. 120ஐப் பேணுவோரில், தெருவிலே ஓட்டுவோர் பலர் டிஸ்க் பிறேக்கைப் பின்னர் பூட்டிக்கொள்கின்றனர். வரலாற்றுப் பந்தயங்களில் ஓட்டுவோரோ, அக்கால அமைப்பையே காக்கவேண்டும் என்னும் விதிக்குட்பட்டு, சூடேறும் டிரம் பிறேக்கின் எல்லையை அறிந்து ஓட்டுகின்றனர்.

இன்று சாதாரணக் குடும்பக் காரின் முன்சில்லுகளிலும் அந்த வட்டத் தட்டைக் காணலாம். பாடசாலை வாயிலில் பிள்ளைகள் தெருவைக் கடக்கும்போது ஒரு கார் தவறாது நிற்குமாயின், அந்நிறுத்தத்தில் லே மானின் இரவுகளுக்கும் ஒரு பங்குண்டு. விரைந்து செல்ல விரும்புவோர் முதலில் நிற்கக் கற்றல் வேண்டும்.