தப்படிக்காமல் போன சாவு

தேயிலைத் தோட்ட லயத்தில் யார் செத்தாலும் தப்பு மேளம் அதிரும். தோட்டத்துச் சம்பளக் கூட்டு ஒப்பந்தம் 2021இல் செத்தபோது பண்டாரவளைப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. இருந்தவரை அதைத் திட்டாத லயம் ஏது?

1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபின் வளர்ந்த பிள்ளை அது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கம்பனிகளுக்காக முதலாளிமார் சம்மேளனமும், எங்களுக்காக இலங்கைத் தொழிலாளர் காங்கிரசோடு இன்னும் இரண்டு தொழிற்சங்கத் தரப்பும் கொழும்பில் கையெழுத்துப் போடும். கொழுந்து பறிக்கிறவளை யாரும் கேட்டதில்லை. 2016இல் நாட்சம்பளம் 730 ரூபாய் என்றார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500தான். வரவுக்கு 60, ஒரு நாளைக்குப் பறிக்கவேண்டிய அளவான நோம் கிலோ எடுத்தால் 140, விலைப்பங்கு 30. காய்ச்சலில் பல நாள் படுத்தால் 60 போய்விடும். மழையில் கொழுந்து குறைந்தால் 140உம் போய்விடும். ஆயிரம் கேட்டு 2018 ஒக்டோபரில் இளைஞர்கள் கறுப்பு உடுத்திக் காலிமுகத்திடலில் திரண்டார்கள். 2019 ஜனவரியில் அலரி மாளிகையில் கிடைத்தது அடிப்படைச் சம்பளம் 700. அதுதான் ஒப்பந்தத்தின் கடைசிக் கையெழுத்து.

2021 மார்ச்சில் சம்பளச் சபை வழியாக ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில் வந்தது. கம்பனிகள் ஒப்பந்தத்தைக் கைவிட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. 2024இல் தொழில் அமைச்சரின் வர்த்தமானி 1700 என்றது. சட்டம் தந்த அதிகாரத்தைத் தாண்டிவிட்டீர்கள், எங்களை முறையாகக் கேட்கவில்லை என்று கம்பனிகள் மறுபடி வழக்குப் போட்டன. ஜூலை 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. செப்டெம்பரில் சம்பளச் சபையில் 1350க்கு வந்து நின்றது.

அமைச்சருக்கு என்ன அதிகாரம் என்ற கேள்வியை வெறும் கம்பனி வம்பு என்று தள்ள மாட்டேன். 1941ஆம் ஆண்டுச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தில் முதலாளி, தொழிலாளி, அரசு நியமித்தவர் எல்லோரும் உட்கார்ந்து பேச இடம் இருக்கிறது. அமைச்சர் நினைத்த தொகையை அச்சடிக்கலாம் என்றால், நாளைக்கு வேறொரு அமைச்சர் குறைத்தும் அச்சடிப்பாரே. ஆனால் செத்துப்போன ஒப்பந்தத்துக்கு ஒரு குணம் இருந்தது: தான் கையெழுத்துப் போட்ட தாளைப் பார்த்து ‘உனக்கென்ன அதிகாரம்’ என்று கம்பனி கேட்க முடியாது.

வர்த்தமானி சம்பளத்தைச் சொல்லும். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று சொல்லாது. ஒப்பந்தம் போனபின் பல தோட்டங்களில் நோம் ஏறியது, எட்டாதவளுக்கு அரைநாள் சம்பளமான அரைப்பேர் விழுந்தது. சம்பளத்தில் சங்கச் சந்தா பிடித்துக் கொடுப்பதும் நின்றது. எங்கள் பக்கத்துத் தோட்டச் சங்கத் தலைவர் ஒருவர், ஒப்பந்தத்தைத் திட்டுவதில் முதல் ஆள், போன மாதம் கேட்டார்: “கிலோவைக் கூட்டுறானுங்க. தொரைகிட்ட எந்தத் தாளைங்க காட்டுறது?”