ஜம்பைக் குகைக்கு எந்த பேட்டரி?

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் உள்ள ஜம்பையில் தாசிமடம் என்று ஒரு குகைத்தளம். உள்ளே ஒரே வரியில் ஒரு தமிழிக் கல்வெட்டு. 1981இல் தமிழகத் தொல்லியல் துறை கண்டுபிடித்தது. அதியமான் நெடுமான் அஞ்சியை அது ‘சதியபுதோ’ என்கிறது. அசோகன் கல்வெட்டில் வரும் சதியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்வி அதோடு தீர்ந்தது.

இந்த மாதிரி எழுத்துக்கு நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றுமே தெரியாது. டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடிக்கணும். வெட்டுக்குள் நிழல் விழுந்தால்தான் எழுத்து எழும்பும். கோணம் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது டார்ச் மங்கிவிட்டால் போச்சு: அது புள்ளியா, பாறையின் குழியா என்று சண்டைதான் மிஞ்சும்.

அதனால் பேட்டரியின் வரலாறு எனக்குக் கல்வெட்டு ஆய்வின் வரலாறும்கூட. மறுபடி சார்ஜ் ஏற்றும் ஈய-அமில பேட்டரியை 1859இல் பிரான்சின் பிளான்டே செய்தார். தூக்கிக்கொண்டு குன்று ஏற முடியாத கனம். 1899இல் சுவீடனின் யுங்னர் நிக்கல்-காட்மியம் கொண்டுவந்தார். நல்ல உழைப்பாளி, ஆனால் காட்மியம் விஷம். 1980களின் கடைசியில் கடைக்கு வந்த நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடில் அந்த விஷம் இல்லை, கொள்ளளவும் அதிகம். அதன் குறை வேறு: பையில் சும்மா கிடந்தாலே சார்ஜ் வடிந்துவிடும், நம்ம ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. தினமும் படம் எடுக்கிறவருக்கு இது பெரிய விஷயமில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை களத்துக்குப் போகிறவருக்கு இதுதான் எல்லாம்.

2005இல் சான்யோ ‘எனலூப்’ விற்பனைக்கு வந்தது. ஓராண்டு கழித்தும் 85 சதவீதம் நிற்கும் என்றார்கள். அட்டையில் 2500, 2700 எம்.ஏ.எச். என்று போட்டி போட்டு அச்சடித்ததைவிட இதுதான் உண்மையான முன்னேற்றம் என்பேன். இந்த வகையில் எண் 2000தான். ஆனால் அந்த 2000 குகை வாசல் வரை வந்து சேரும்.

லித்தியம்-அயான்? 1991இல் சோனி விற்கத் தொடங்கியது. 2019இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. எடை குறைவு, சார்ஜும் அவ்வளவாக வடியாது. ஆனால் தீர்ந்துபோனால் மாற்று வாங்க ஊர்ப் பெட்டிக்கடையில் கிடைக்காது. பென்டார்ச் செல் அளவிலான கருவி என்றால் கடையில் இருப்பதைப் போட்டு வேலையை முடிக்கலாம்.

ஒரு கவனம்: இந்த ரீசார்ஜ் செல்லில் 1.5 அல்ல, 1.2 வோல்ட்தான். சில பழைய கருவிகள் நிறைந்த செல்லையும் தீர்ந்ததாகக் காட்டும். புதுசும் பழசும் கலந்து போடவும் கூடாது. வலுக்குறைந்த செல்லில் துருவம் தலைகீழாகி அது கெட்டுவிடும். ஜோடி பிரியாமலிருக்க என் செல்களில் மார்க்கரால் அ, ஆ என்று எழுதி வைத்திருக்கிறேன்.